குடியை விட உதவும் கூட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியை நிறுத்த நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறோம். வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் குடிப்பவர்கள் 3ஆம் கேள்வியைத் தாண்டிப் போக வேண்டாம்.

1. கூட்டம் கூட்டம்னு சொல்றாங்களே, அங்க போனா என்னதான் செய்வாங்க?

குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை மணி நேரம், சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே சிகிச்சை நடக்காது, மருந்து தரமாட்டார்கள். உலகில் பரவலாக இருப்பது ஏ.ஏ. என்று அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கியது அது. ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசும்போது குடிக்கும் உந்துதல் தணிகிறது என்பதை அவர்கள் இருவரும் கண்டார்கள். இன்றைக்கும் கூட்டம் ஓடுவது அந்த ஒன்றை நம்பித்தான்.

கூட்டத்தை நடத்துபவர் வரவேற்றதும் முகவுரையும், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளும் வாசிக்கப்படும். பிறகு ஒருவர் தன் அனுபவத்தை நீளமாகச் சொல்வார். அல்லது ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் சில நிமிடம் பகிர்வார்கள். ஒருவர் பகிரும்போது குறுக்கே பேசக் கூடாது, பேசி முடித்ததும் அவருக்கு அறிவுரை சொல்லவும் கூடாது. முதல்முறை வருபவர்களுக்கு இந்த மௌனம் விநோதமாக இருக்கும். அது அலட்சியம் இல்லை. தன்னைத் திருத்த யாரும் பாய மாட்டார்கள் என்று தெரிந்தால்தான் மனிதர் உண்மையைச் சொல்கிறார்.

2. நான் குடிநோயாளியா இல்லையான்னே தெரியல. அங்க போக எனக்குத் தகுதி இருக்கா?

ஏ.ஏ. குழுக்கள் பின்பற்றும் நெறிகளை மரபுகள் என்பார்கள். அவற்றில் மூன்றாவது இதற்கு நேராகப் பதில் சொல்கிறது: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. “நான் குடிநோயாளி” என்று நீங்கள் அறிவிக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது, பெயரை மட்டும் சொன்னால் போதும்.

வேலை இருக்கிறது, கடன் இல்லை, காலையில் குடிப்பதில்லை, அதனால் எனக்கு இது இல்லை என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அளவை விட்டுவிட்டு வேறு இரண்டைக் கவனியுங்கள். ஒன்றோடு நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போகிறதா? குடிக்காத நாளில் மனம் அதையே சுற்றிச் சுற்றி வருகிறதா? இவற்றுக்கு ஆமாம் என்றால் நான்கைந்து கூட்டங்கள் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. நாளையிலேர்ந்து ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். நேரா கூட்டத்துக்குப் போயிடட்டுமா?

தினமும் நிறையக் குடித்துவந்தவர் என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மது மூளையை அமுக்கி மந்தமாக்குகிறது. அதை ஈடுகட்ட மூளை தன்னை முடுக்கி வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. மது திடீரென நின்றால் அமுக்கிய கை விலகி முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை வரலாம். இல்லாத உருவங்கள் தெரியும், இடமும் நேரமும் குழம்பும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கவனிக்காவிட்டால் உயிர் போகலாம்.

காலையில் நடுக்கம் அடங்குவதற்காகவே குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர், தூக்கமாத்திரையும் சேர்த்து எடுப்பவர், கர்ப்பிணி, இதயம் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர் ஆகியோர் வீட்டில் தனியாக நிறுத்தவே கூடாது. மருத்துவர் சில நாட்களுக்கு மருந்து கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து இந்தக் கட்டத்தைக் கடத்திவிடுவார். நீண்டநாள் குடித்தவர்களின் உடம்பில் பி1 வைட்டமின் வற்றியிருக்கும், அதையும் ஈடுசெய்வார். நிறுத்தியவருக்கு வலிப்போ குழப்பமோ வந்தால் கூட்டத்து நண்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை கூட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கலாம்.

4. பக்கத்துல கூட்டம் எங்க நடக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஏ.ஏ.வின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நாடுவாரியாகத் தொடர்பு விவரம் இருக்கும். ‘மீட்டிங் கைடு’ என்ற அவர்களுடைய இலவசச் செயலி, அது இயங்கும் பகுதிகளில், நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகே நடக்கும் கூட்டங்களைக் காட்டும். இணையம் பழக்கமில்லாதவர்கள் அருகிலுள்ள மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ போதை மீட்புப் பிரிவிலோ கேட்கலாம். அங்குள்ள சமூகப் பணியாளர்களுக்குப் பெரும்பாலும் எந்தக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்று தெரியும்.

பலர் சறுக்குவது கண்டுபிடித்த பிறகுதான். பட்டியல் பழையதாக இருக்கும். நேரம் மாறியிருக்கும், இடம் மாறியிருக்கும், விடுமுறை நாளில் கட்டடமே பூட்டியிருக்கும். அதனால் கிளம்புமுன் பட்டியலில் உள்ள எண்ணுக்குப் பேசி நான்கு விஷயம் கேளுங்கள்: இந்த வாரம் கூட்டம் உண்டா, எந்த மொழியில் நடக்கும், எந்த வாசல் எந்த மாடி, வாசலில் யாராவது நிற்பார்களா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். புதியவர் ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் பெரும்பாலும் யாராவது கீழே இறங்கி வந்து நிற்பார்கள்.

தேவாலயக் கூடத்திலோ பள்ளி அறையிலோ நடப்பதைப் பார்த்து, அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான குழு என்று எண்ண வேண்டாம். இடம் வாடகைக்குத்தான். வாசலில் பெரிய பலகையும் இருக்காது, ‘ஏ.ஏ.’ என்ற இரண்டு எழுத்து மட்டும் ஒட்டியிருக்கலாம்.

5. ‘திறந்த கூட்டம்’, ‘மூடிய கூட்டம்’னு போட்டிருக்கே, வித்தியாசம் என்ன?

திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம்: மனைவி, மகன், மாணவர், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு, அல்லது இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்களுக்கு மட்டும். 2ஆம் கேள்வியில் சொன்ன விருப்பம் உங்களிடம் இருந்தால் மூடிய கூட்டத்துக்கும் நீங்கள் போகலாம். துணைக்கு ஒருவரை அழைத்துப்போக நினைத்தால் திறந்த கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

6. பணம் எவ்வளவு கட்டணும்? பேரு பதியணுமா?

கட்டணம் இல்லை, பதிவும் இல்லை. நடுவில் ஒரு பையோ பெட்டியோ சுற்றி வரும். அது வாடகைக்கும் பிரசுரங்களுக்கும் உறுப்பினர்கள் போடுவது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.வின் ஏழாவது மரபு. புதியவர் பையை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டால் போதும்.

7. முதல் நாளே எழுந்து நின்னு என் கதையச் சொல்லச் சொல்வாங்களா?

முதல்முறை வந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பார்கள். கை தூக்குவதும் தூக்காததும் உங்கள் விருப்பம். உங்கள் முறை வந்தால் “இன்று கேட்க வந்திருக்கிறேன்” என்று சொன்னால் அடுத்தவருக்குப் போய்விடும்.

நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தாமதமாக நுழைந்தால் எல்லாத் தலைகளும் திரும்பும், அந்தக் கூச்சத்திலேயே பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். முடிந்ததும் பத்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள். முதல் கூட்டத்திலிருந்து நீங்கள் வாங்கிக்கொண்டு வர வேண்டியது இரண்டு மூன்று பேரின் தொலைபேசி எண். பேச்சில் பாதி மறந்துபோகும். இரவு பதினொரு மணிக்குக் குடிக்கத் தோன்றும்போது அந்த எண்தான் கையில் இருக்கும். நாற்காலிகளை அடுக்க ஒரு கை கொடுத்தால், யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்ற சங்கடமும் தீர்ந்துவிடும்.

8. தெரிஞ்சவங்க யாராவது அங்க என்னைப் பார்த்துட்டா மானம் போயிடாதா?

பார்க்க நேரலாம். ஆனால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். யார் வந்தார், என்ன சொன்னார் என்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதை உறுப்பினர்கள் மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கிறார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் தொடக்கத்தில் சற்றுத் தள்ளியுள்ள வட்டாரத்தின் கூட்டத்துக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ரகசியம் மனிதர்களின் வாக்குறுதி. மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசுவதற்கு உள்ள சட்டக் காப்பு இங்கேயும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நிலுவையில் உள்ள வழக்கு, வெளிவராத குற்றம் போன்றவற்றின் விவரங்களைக் கூட்டத்தில் சொல்லாமல் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். உணர்வைப் பகிர விவரம் தேவையில்லை.

9. இன்னிக்கு குடிச்சிருக்கேன். இந்த நிலையில போகலாமா?

போகலாம். அமைதியாக உட்கார முடிந்தால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். குடித்திருப்பவர் அன்றைக்குப் பகிராமல் கேட்க மட்டும் செய்ய வேண்டும் என்று பல குழுக்கள் வைத்திருக்கின்றன, அதை மதியுங்கள். வண்டி ஓட்டாதீர்கள், கையில் பாட்டில் வேண்டாம்.

10. கடவுள், பிரார்த்தனைன்னு வருதாமே. எனக்கு நம்பிக்கை கிடையாது.

பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, அதை மறைத்துப் பயனில்லை. கூடவே “நாம் புரிந்துகொண்டபடி” என்ற தொடரும் வருகிறது. நம்பிக்கையில்லாத பலர் அந்த இடத்தில் குழுவையே தங்களை விடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் குடிக்காமல் இருக்கிறார்கள். கடைசிப் பிரார்த்தனையின்போது சும்மா நிற்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடவுள் பேச்சு ஒரு குழுவில் அதிகமாகவும் இன்னொன்றில் மிகக் குறைவாகவும் இருக்கும். மதச்சார்பற்ற ஏ.ஏ. குழுக்களும் உண்டு.

அதுவும் ஒட்டவில்லை என்றால் வேறு அமைப்புகள் இருக்கின்றன. 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் முறைகளை வைத்து நடக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பேசலாம். கேட்டுக்கொண்டே உட்கார முடியாதவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். லைஃப்ரிங் மதச்சார்பற்றது, ரிகவரி தர்மா பௌத்தத் தியானத்தை அடிப்படையாகக் கொண்டது, விமன் ஃபார் சோப்ரைட்டி பெண்களுக்கானது. இவற்றின் நேரடிக் கூட்டங்கள் ஏ.ஏ. அளவுக்கு எல்லா இடத்திலும் இருக்காது, இணையவழியில் தேடுங்கள்.

11. ஒரு தடவை போனேன், பிடிக்கல. இது எனக்குச் சரிப்படாதுன்னு விட்டுடலாமா?

ஒரே கூட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது. வயது, மொழி, நடத்தும் விதம், பேச்சின் தொனி எல்லாம் குழுவுக்குக் குழு மாறும். குறைந்தது ஆறு கூட்டங்கள், அவற்றில் குறைந்தபட்சம் மூன்று வெவ்வேறு குழுக்களுடையதாக இருக்கட்டும். எந்த இடத்தில் மற்றவர் பேசும்போது “இது என் கதை” என்று தோன்றுகிறதோ அதைத் தாய்க்குழுவாக வைத்துக்கொண்டு வாராவாரம் போங்கள்.

12. வாரத்துக்கு எத்தனை கூட்டம் போகணும்? தொண்ணூறு நாள்ல தொண்ணூறுன்னு சொல்றாங்களே?

அது ஏ.ஏ.வின் விதி இல்லை, பழைய உறுப்பினர்கள் சொல்லும் யோசனை. வேலையும் குழந்தைகளும் இருப்பவர்களுக்கு முடியாமல் போகலாம். முடியாத எண்ணிக்கையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பத்தாம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுவதைவிட, வாரம் மூன்று நேரடிக் கூட்டமும் மற்ற நாட்களில் ஒரு தொலைபேசி அழைப்பும் என்று தொடங்குவது மேல். எண்ணிக்கையைவிட நேரத்தைத் தேர்ந்தெடுப்பதைத்தான் முக்கியமாகச் சொல்வோம். நீங்கள் வழக்கமாகக் குடிக்கத் தொடங்கும் மணி எதுவோ, அந்த மணிக்கு நடக்கும் கூட்டத்துக்குப் போங்கள்.

13. ஸ்பான்சர்னா யாரு? எப்படிப் பிடிக்கிறது?

உங்களுக்கு முன்பே இந்த வழியில் நடந்து, பன்னிரண்டு படிகளையும் செய்து முடித்த உறுப்பினர். உங்களோடு தனியாக அமர்ந்து படிகளைச் செய்யத் துணையாக இருப்பார். இதற்குக் காசு கிடையாது. அவர் மனநல ஆலோசகரும் இல்லை, கடன் கொடுப்பவரும் இல்லை. சில வாரம் கேட்டுவிட்டு, யாருடைய பேச்சில் பெருமையைவிட உண்மை அதிகம் தெரிகிறதோ அவரிடம் “எனக்கு ஸ்பான்சராக இருக்க முடியுமா?” என்று நேராகக் கேளுங்கள். முடியாது என்றால் அவருக்கு நேரமில்லை என்றுதான் பொருள், அடுத்தவரைக் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொதுவான வழக்கம்.

14. நான் ஒரு பொண்ணு. தனியா போறது பாதுகாப்பா?

பெரும்பாலான கூட்டங்கள் பாதுகாப்பானவை. ஆனால் அங்கே வருபவர்களை யாரும் வடிகட்டி அனுப்புவதில்லை. நீதிமன்றம் அனுப்பியவர்களும் வருவார்கள். பெண்களுக்கு மட்டுமான கூட்டம் இருந்தால் அதில் தொடங்குங்கள். இல்லையென்றால் முதலில் பெண் உறுப்பினர்களின் எண்களை வாங்குங்கள், முடிந்ததும் அவர்களோடு சேர்ந்து வெளியே வாருங்கள். முகவரி, வேலை செய்யும் இடம் இரண்டையும் பொதுவில் சொல்ல வேண்டாம்.

உதவி செய்கிறேன் என்று நெருங்கும் பழைய உறுப்பினர் ஆண், கூட்டத்துக்கு வெளியே தனியாகச் சந்திக்க வற்புறுத்தினால் அது உதவி இல்லை. குழு நடத்துபவரிடம் சொல்லுங்கள். அவர் கண்டுகொள்ளாவிட்டால் குழுவை மாற்றுங்கள். மிரட்டல், தொடுதல் என்று போனால் காவல் துறைக்குச் சொல்வதை எந்த மரபும் தடுக்கவில்லை.

15. டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்துனாத்தான் உண்மையான மீட்சின்னு ஒருத்தர் சொல்றார். நிறுத்தட்டுமா?

நிறுத்தாதீர்கள். உறுப்பினர்கள் யாரும் இன்னொருவருக்கு மருத்துவர்போல நடந்துகொள்ளக் கூடாது என்று ஏ.ஏ.வின் பிரசுரமே சொல்கிறது. மனச்சோர்வுக்கான மருந்தும், நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போலக் குடி வேட்கையைக் குறைக்கும் மருந்தும் கூட்டத்துக்கு எதிரி இல்லை. மாற்ற வேண்டுமானால் எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

டைசல்ஃபிரம் என்ற மருந்தை எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மது சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரும், சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு நீடிக்கலாம். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும்கூட இதில் அடங்கும். குடிப்பவருக்குத் தெரியாமல் இந்த மருந்தை உணவில் கலந்து கொடுப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

16. எங்க வீட்டுக்காரர் வரவே மாட்டேங்கிறார். நான் போய் என்ன பண்றது?

உங்களுக்கென்றே கூட்டம் இருக்கிறது. அல்-அனான் 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகத் தொடங்கப்பட்டது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். கூட்டம் தேடும் முறை 4இல் சொன்னதுதான். அவருடைய குடிக்கு நீங்கள் காரணமில்லை, அதைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ உங்களால் முடியாது என்பது அங்கே முதலில் காதில் விழும். பாட்டிலை ஒளித்துவைப்பதிலும் அலுவலகத்துக்குப் பொய் சொல்லி விடுப்புக் கேட்பதிலும் ஆண்டுகள் கழிந்தவர்களுக்கு அது பெரிய சுமையை இறக்கிவைத்ததுபோல் இருக்கும்.

அவரிடம் பேசுவதானால் குடித்திருக்காத நேரத்தில், சுருக்கமாக, இந்தக் கிழமை இந்த இடத்தில் கூட்டம் என்று சொல்லுங்கள். வீட்டில் அடிஉதை இருந்தால் முதலில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம் பாருங்கள், கூட்டம் அதற்குப் பிறகு.

17. ஆன்லைன்லயே கலந்துக்கிட்டா போதாதா?

அருகில் குழு இல்லாதவர், நோயாளி, கைக்குழந்தை வைத்திருப்பவர் ஆகியோருக்கு அது பெரிய வரம். எந்த நேரத்திலும் உலகின் ஏதோ ஒரு மூலையில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். திரையில் தெரியும் பெயரை முன்கூட்டியே மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் அலுவலகக் கணக்கின் முழுப்பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். காதுக்கருவி போட்டுக்கொள்ளுங்கள், மற்றவர் பேசுவது உங்கள் வீட்டாருக்குக் கேட்கக் கூடாது.

குறை என்னவென்றால் கேமராவை அணைத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் மறைந்துகொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் இருக்கச் சொல்லி 7இல் சொன்ன அந்தப் பத்து நிமிடம் திரையில் கிடைப்பது கடினம். நேரில் போக வழி இருந்தால் வாரம் ஒன்றாவது நேரில் போங்கள்.

18. கோர்ட்ல கூட்டத்துக்குப் போனதுக்கு கையெழுத்து கேக்குறாங்க.

சில குழுக்கள் போடும், சில போடாது. கூட்டம் தொடங்குமுன் செயலரிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள். குழு உங்கள் நடத்தை பற்றி அறிக்கை எதுவும் அனுப்பாது, தாளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.

19. இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுதா?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரின் தரவுகளை, சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்ந்து தொடர முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் முற்றாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்றச் சிகிச்சைகளில் அது 35 சதவீதம். எல்லோருக்கும் பலிக்கும் என்று இதற்குப் பொருளில்லை. சும்மா முகவரியைக் கொடுத்து அனுப்பியதற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒருவர் கைப்பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்து, தொடரச் செய்ததன் பலன் இது. அதனால்தான் ஸ்பான்சர், எண்கள், தாய்க்குழு என்று இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

20. எட்டு மாசம் கழிச்சு மறுபடி குடிச்சுட்டேன். எந்த முகத்த வச்சுக்கிட்டு அங்க போறது?

அதே முகத்தோடுதான், முடிந்தால் இன்றைக்கே. அந்த அறையில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திரும்பி வந்தவர்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், எட்டு மாதத்தில் கற்றது எங்கும் போகாது. ஸ்பான்சரிடம் முதலில் சொல்லுங்கள். குடிப்பதற்கு முந்தைய மூன்று நாட்களை அவரோடு உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எது இருந்தது, கூட்டம் எப்போது விட்டுப்போனது? பெரும்பாலும் கையில் கிளாஸ் வருவதற்குப் பல நாள் முன்பே கூட்டம் நின்றிருக்கும்.

பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் 3ஐ மறுபடி படியுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நடுக்கமும் வலிப்பும் முன்னைவிடக் கடுமையாகலாம். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

21. எங்க பக்கம் குழுவே இல்ல. நானே ஒண்ணு ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். குடியை விடுவதற்காகக் கூடும் இரண்டு மூன்று பேரே ஏ.ஏ. குழுதான், வெளியிலிருந்து யாருடைய பணத்துக்கோ கொள்கைக்கோ கட்டுப்படாமல் இருந்தால் போதும். ஆனால் நீங்களே புதிதாக நிறுத்தியவர் என்றால் முதலில் இணையக் கூட்டத்தில் ஸ்பான்சரைத் தேடிக்கொண்டு, அவர் துணையோடு தொடங்குங்கள். வாராவாரம் ஒரே கிழமை, ஒரே நேரம், யாருடைய வீடாகவும் இல்லாத ஒரு பொது அறை. வீட்டில் வைத்தால் வருபவர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள், வீட்டாருக்கு ஒரு சங்கடம் வந்ததும் குழு கலைந்துவிடும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

பகுதி ஏ.ஏ. அலுவலகத்துக்கு எழுதினால் தொடக்கப் பிரசுரங்கள் பற்றிச் சொல்வார்கள், பட்டியலிலும் சேர்ப்பார்கள். அருகிலுள்ள மருத்துவர்களுக்கும் போதை மீட்புப் பிரிவுக்கும் கிழமை, நேரம், தொலைபேசி எண் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவையுங்கள். பல வாரம் நீங்கள் இருவர் மட்டுமே இருப்பீர்கள். அப்போதும் அறிவித்த நேரம் முடியும்வரை அறையைத் திறந்து வைத்திருங்கள். இடமோ நேரமோ மாறினால் பட்டியலில் அன்றே திருத்துங்கள்.